நாணயத்தில் ஏறிய ஆராய்ச்சி

ஓர் அரசு எதைத் தன் பெருமையெனக் கருதுகிறதோ அதையே தன் நாணயத்தில் பொறிக்கிறது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் தம் காசுகளில் நந்தியைப் பொறித்து, அதன்கீழ் ‘சேது’ என்று எழுதினர். ஆங்கிலேயர் தம் முடிமன்னர் தலையைப் பொறித்தனர். 2011ஆம் ஆண்டில் இந்திய அரசு வெளியிட்ட ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றோ, 1911இல் தோன்றிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நூற்றாண்டை நினைவூட்டுகிறது. மன்னன் தலை இருந்த இடத்தில் நோய் தீர்க்கும் அறிவு ஏறியிருக்கிறது.

அயல்நாட்டு நாணயத்தைப் பற்றித் தீவகத்தில் வாழும் நமக்கு என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. இக்கழகத்தின் பங்கோடு சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சி, வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் நடுவே கடல் கிடக்கும் மக்களுக்கு வேறெவரையும்விட நெருங்கிய செய்தியைச் சொன்னது.

நமது தீவுகளை அரசுகள் நெடுங்காலம் எந்தக் கண்கொண்டு பார்த்தன என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். நயினாதீவில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கச் சொல்கிறது. யானை, குதிரை ஏற்றி வரும் கலம் உடைந்தால் காற்பங்கும், பிற சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் அரைப்பங்கும் பண்டாரத்துக்குச் சேரவேண்டும் என்றும் விதிக்கிறது. பின்வந்த பறங்கியரும் ஒல்லாந்தரும் ஊர்காவற்றுறைக்கு எதிரே கடற்கோட்டையைக் கட்டிக் காத்தனர். நெடுந்தீவில் குதிரை வளர்த்தனர். கலமும் சரக்கும் குதிரையும் கணக்கில் ஏறின. மீனவனின் இருமலும், கிணற்றடியில் காய்ச்சலோடு நீரள்ளும் பெண்ணின் நோவும் எந்த ஆட்சியின் ஏட்டிலும் ஏறவில்லை.

1911இல் ‘இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம்’ என்ற பெயரில் இக்கழகம் பிறந்தபோதும் நிலைமை முற்றும் மாறிவிடவில்லை. பிளேக்கும் காலராவும் மலேரியாவும் படையையும் வாணிபத்தையும் தோட்டங்களையும் தாக்கியதால் ஆட்சியாளருக்கு ஆராய்ச்சி தேவைப்பட்டது. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மண்டபம் முகாமில் தடுத்துச் சோதிக்கப்பட்டதும் அக்காலத்திலேதான். அங்கே காக்கப்பட்டது முதலில் தோட்டம். தொழிலாளி அதன் பின்னரே. ஆயினும் அறிவு ஒருமுறை பிறந்துவிட்டால் அதைப் பெற்றவனுக்கு மட்டும் அடிமையாக இருப்பதில்லை. விடுதலைக்குப் பின், 1949இல், சங்கம் இன்றைய பெயரைப் பெற்றது. ஏழு ஆண்டுகளில் அது தன் மிகச் சிறந்த பணிகளுள் ஒன்றில் கைவைத்தது.

அக்காலத்தில் சயரோகத்துக்குச் சானட்டோரியமே சிறந்த வழி என்று நம்பினர். நல்ல காற்று, முழு ஓய்வு, ஊட்டமான உணவு, ஓராண்டுப் படுக்கை! கூலிக்காரனுக்கு இவற்றுள் எது கிட்டும்? படுக்கைகளோ சில, நோயாளரோ பல்லாயிரம். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட சயரோக மருந்தாராய்ச்சி நிலையம் இக்கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும் துணைநின்றன. நகரின் ஏழை நோயாளர் 193 பேரை இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூற்றார் சானட்டோரியத்தில் தங்கினர். மறு கூற்றார் தம் நெருக்கமான வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள்: ஐசோனியசிட், பாஸ்.

முடிவு 1959இல் வெளியானது. ஓராண்டு முடிவில் சானட்டோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் குறைந்த உணவையே உண்டு, ஓய்வும் அதிகம் இன்றி இருந்தவர்கள் ஏறத்தாழ அவர்களுக்கு நிகராகவே தேறினர்! வீட்டிலிருந்தவரின் குடும்பத்தாருக்கு அதனால் தொற்று மிகுதியாகவும் இல்லை. மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் குடிசையிலும் இந்நோய் தீரும் என்பது உலகுக்கே தெரிந்தது. நாடுகள் பலவும் சயரோகத்தை வீட்டிலிருத்தியே குணப்படுத்தும் வழிக்குத் திரும்பின. செல்வர் நாடுகளின் கூடங்களில் அன்று, சென்னையின் சேரிகளிலே பிறந்த உண்மை இது.

இந்த உண்மையில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மருந்து ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். பண்ணைப் பாலம் கடந்து தரைவழியே யாழ்ப்பாணம் செல்லும் வேலணையாருக்கு அது ஒரு பொருட்டல்ல. குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரம் படகில் செல்லவேண்டிய நெடுந்தீவாருக்கு அது பெரும் பொருட்டு. வாடைக்காற்றில் கடல் கொந்தளித்துப் படகு நின்றால் மாத்திரையும் நிற்கும். மாத்திரை இடையில் நின்றால் நோய் மீண்டும் தலையெடுக்கும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறும். இலங்கையில் சிகிச்சை இலவசம் என்பது நாம் போராடிக் காக்கவேண்டிய பேறு. ஆனால் இலவச மருந்தும் இறங்குதுறையைத் தாண்டி வந்தால்தான் மருந்து.

ஆகவே தீவகத்தில் நிலையான மருத்துவரும், தாதியரும், எந்தக் காலநிலைக்கும் ஈடுகொடுக்கும் படகும் கேட்பது சலுகை கேட்பதாகாது. சென்னை ஆராய்ச்சி மெய்ப்பித்த உண்மையை நிறைவேற்றக் கேட்பதேயாகும். நோயாளியைத் தேடி வைத்தியம் வரவேண்டும் என்பதே அதன் சாரம்.

அன்று உடைந்த கலத்திலும் பண்டாரம் தன் பங்கை அளந்து பெற்றது. இன்று மக்களின் அரசு அளக்கவேண்டிய பங்கு வேறு: கடைசித் தீவின் கடைசி வீட்டுக்கு மருந்து எத்தனை நாளில் சேர்கிறது என்பது. அந்தக் கணக்கு நேரான நாளில்தான் நாணயத்தில் பொறித்த பெருமை செல்லுபடியாகும்.