அயல்நாட்டு உறவும் அரிசிப் படியும்: 1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

தேர்தல் என்னும் சொல்லைக் கேட்ட அளவில், தமிழ் வரலாறு பயில்வார் நெஞ்சில் முதற்கண் தோன்றும் ஊர் உத்திரமேரூர். அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வெங்கையா இவற்றை ஆய்ந்து வெளியிட்ட காலந்தொட்டு, இவை பற்றி எழுதாத வரலாற்றறிஞர் அரியர். எனினும், அதே தொண்டை நாட்டுச் சிற்றூர்கள் இருபதாம் நூற்றாண்டில் நாடளாவிய பொதுத்தேர்தலில் எவ்வாறு தீர்ப்பளித்தன, அத்தீர்ப்பை உருவாக்கிய ஆற்றல்கள் எவை என்னும் ஆராய்ச்சி அத்துணை வளம் பெறவில்லை.

பொதுத்தேர்தலை ஆராய்வோர் பெரும்பாலும் இரு கூறாகப் பிரிந்து நிற்பர். அயல்நாட்டுறவு நகரத்துக் கற்றோரின் கவலை என்றும், உழவனும் கூலியாளும் உள்நாட்டுப் பொருள்நிலை ஒன்றையே கருதி வாக்களிப்பர் என்றும் ஒரு சாரார் கூறுவர். போரும் உடன்படிக்கையும் நாட்டுப் பற்றைத் தூண்டித் தேர்தலை நடத்துவன என்பர் மற்றொரு சாரார். 1967 பிப்ரவரியில் நடந்த நான்காம் பொதுத்தேர்தலைத் தொண்டை நாட்டுச் சிற்றூர்களின் நிலையிலிருந்து நோக்கின், இவ்விரு கூற்றும் குறையுடையன என்பது புலனாகும். அயல்நாட்டுறவு சிற்றூர்க்கு வந்து சேர்ந்தது. ஆயின், கொள்கை என்னும் உருவில் வரவில்லை. பொன்னின் மாற்றாகவும், நாணயத்தின் மதிப்பாகவும், முடிவில் அரிசிப் படியின் விலையாகவும் வந்தது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கல்வெட்டுக் காட்டும் அளவுகோல்

குடவோலைக் கல்வெட்டின்படி ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பெற்றது. இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், தன் மனையில் கட்டிய வீடும், முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட அகவையும், மறையறிவும் உடையாரே ஓலையிற் பெயர் எழுதப்பெறும் தகுதியுடையராயினர். மறையும் அதன் உரையும் ஒருங்கு கற்றோர்க்கு அரைக்கால் வேலி நிலமே போதுமானதாயிற்று. தேர்ந்தெடுக்கப்பெற்ற முப்பதின்மருள் பன்னிருவர் ஆண்டு வாரியமாகவும், பன்னிருவர் தோட்ட வாரியமாகவும், அறுவர் ஏரி வாரியமாகவும் அமைந்தனர். பஞ்சவார வாரியத்திற்கும் பொன் வாரியத்திற்கும் தனியே ஓலை எடுக்கப்பெற்றது.

இவற்றுள் நம் ஆராய்ச்சிக்குப் பயன்படுவன இரண்டு. முதலாவது, வாரியம் செய்து கணக்குக் காட்டாது ஒழிந்தோரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையிற் பெயர் பெறலாகாது என்னும் விதி. இரண்டாவது, ஏரியையும் பொன்னையும் காத்தற்கெனத் தனித்தனி வாரியங்கள் இருந்தமை. நீரும் நாணயத்தின் தரமும் ஊரார் கண்காணிப்பில் இருந்தன என்பது இதனாற் பெறப்படும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இக்கல்வெட்டு, பிரமதேயம் ஒன்றன் சபைக்குரியது. நிலமற்றோர், மகளிர், மறையறிவில்லாப் பிற குலத்தார் ஆகியோர்க்கு அச்சபையில் இடமில்லை. ஆதலின், அகவை வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்த குடியரசின் தேர்தலைக் குடவோலையின் வழித்தோன்றல் எனல் பொருந்தாது. எனினும், ஆட்சிப் பொறுப்பேற்றோரிடம் கணக்குக் கேட்டல் என்னும் ஓர் அளவுகோலை அக்கல்வெட்டு நமக்குத் தருகின்றது. 1967இல் தொண்டை நாட்டு மக்கள் கேட்டதும் ஒரு கணக்கே. அக்கணக்கின் பெரும்பகுதி கடல் கடந்த நாடுகளில் எழுதப்பட்டிருந்தது என்பதே வேறுபாடு.

3. சீனப் போரும் அதன் இருவேறு விளைவுகளும்

1962 அக்டோபர் 20ஆம் நாள் தொடங்கிய சீனப் படையெடுப்பு நவம்பர் 21ஆம் நாள் ஓய்ந்தது. ஒரு திங்கள் அளவே நீடித்த இப்போர் தமிழ்நாட்டு அரசியலில் இருவேறு விளைவுகளைத் தோற்றுவித்தது.

முதலாவது, பொருளியல் விளைவு. பாதுகாப்புச் செலவு சில ஆண்டுகளில் இரு மடங்கிற்கு மேற்பட உயர்ந்தது. 1963 சனவரியில் பொற்கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. புதிய அணிகலன்கள் 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றுடையனவாகச் செய்யப்படலாகாது என அவ்விதிகள் தடுத்தன. பின்னர் இவை தளர்த்தப்பெற்றனவாயினும், சிற்றூர்தோறும் இருந்த பொற்கொல்லர் பலர் தொழிலிழந்து வருந்தினர். திருமணத்திற்குத் தாலி செய்ய முனைந்த எளிய குடும்பமும் இமயத்தின் எல்லைப்போரைத் தன் வீட்டிலேயே உணர்ந்தது. பொன்னின் தரத்தை ஊர்ச்சபையே காத்த காலம் போய், அத்தரத்தைத் தில்லி வரையறுக்கும் காலம் வந்தது.

இரண்டாவது, அரசியல் விளைவு. திராவிட முன்னேற்றக் கழகம் அதுகாறும் தனி நாட்டுக் கோரிக்கையை முன்வைத்து வந்தது. போர் மூண்டதும் அண்ணாதுரை அக்கோரிக்கையை ஒதுக்கிவைத்து நாட்டுப் பாதுகாப்பிற்குத் துணை நின்றார். 1963இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதினாறாம் திருத்தம், பிரிவினை கோருவார் தேர்தலில் நிற்றலைத் தடுத்தது. கழகம் அவ்வாண்டே அக்கோரிக்கையைக் கைவிட்டது. இது அக்கட்சிக்கு வீழ்ச்சியாகும் என எண்ணினோர் பலர். நிகழ்ந்தது வேறு. பிரிவினை என்னும் தடை நீங்கியதால், மொழி, விலைவாசி ஆகிய இரண்டையும் பற்றி நின்று, பிற கட்சிகளோடு உடன்பாடு காணும் வாய்ப்பு அதற்குக் கிட்டியது. சுதந்திராக் கட்சி போன்ற அனைத்திந்தியக் கட்சி பிரிவினைக் கட்சியோடு கூட்டுச் சேர்தல் அரிது. ஆகவே, ஆளுங்கட்சியின் கையை வலுப்படுத்திய அதே போர், நாளடைவில் அதன் எதிர்க்கட்சியையும் ஆட்சிக்குரியதாக்கியது எனலாம்.

4. மழையும் கப்பலும் நாணயமும்

உத்திரமேரூர் வட்டாரம் பெரும்பாலும் ஏரிப்பாசனத்தை நம்பியது. வடகிழக்குப் பருவமழை பொய்ப்பின் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாவிடின் சம்பா விளையாது. 1965ஆம் ஆண்டும் 1966ஆம் ஆண்டும் நாட்டின் பெரும்பகுதியில் வறட்சி நிலவியது. 1964-65இல் ஏறத்தாழ 890 இலட்சம் டன்னாக இருந்த இந்திய உணவுத் தானிய விளைச்சல், அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 720 இலட்சம் டன்னாக வீழ்ந்தது.

இக்குறையை ஈடுசெய்ய வந்தது அமெரிக்கக் கோதுமை. 1960 மே திங்களில் கையெழுத்தான உடன்படிக்கை நான்காண்டுகளில் 170 இலட்சம் டன் தானியம் தருவதாக உறுதி கூறியது. அதில் அரிசி 10 இலட்சம் டன்னே. 1965இல் பாகிஸ்தானுடன் போர் மூண்டபொழுது அமெரிக்கா தன் உதவியை நிறுத்திற்று. பின்னர்க் குடியரசுத் தலைவர் சான்சன் நீண்டகால உடன்படிக்கையைத் தவிர்த்து, கப்பல்களைச் சிறிது சிறிதாகவே விடுவித்தார். இந்தியா தன் வேளாண்மைக் கொள்கையைத் திருத்த வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். வியத்நாமில் குண்டுவீச்சை நிறுத்துக என 1966இல் இந்தியா வற்புறுத்தியமை அவர்க்கு உவப்பாக இல்லை என்பதும் அறிந்ததே. இங்ஙனம், தென்கிழக்காசியப் போர் ஒன்றைப் பற்றிய கருத்து வேறுபாடு, இந்தியத் துறைமுகத்திற்கு வரும் தானியக் கப்பலின் வேகத்தைத் தொட்டது.

1966 சூன் 6ஆம் நாள் உருவாவின் மதிப்புக் குறைக்கப்பெற்றது. 4 உருவா 76 காசுக்குக் கிடைத்த டாலர் 7 உருவா 50 காசாயிற்று. உலக வங்கியும் அமெரிக்காவும் இதனை வற்புறுத்தின என்பதை நாடு அறிந்திருந்தது. காங்கிரசுத் தலைவராயிருந்த காமராசர்க்கே இம்முடிவு உடன்பாடன்று. ஆயினும், அதற்கு மக்கள்முன் விடை சொல்லும் பொறுப்பு எட்டுத் திங்களில் அவர் கட்சியின்மேல் வந்து விழுந்தது.

5. பர்மாவும் இலங்கையும்

தமிழ்நாட்டின் அரிசி வரலாற்றில் பர்மாவுக்குத் தனியிடம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன் சென்னை மாகாணத்தின் அரிசிக் குறையை நிரப்பியது பர்மா அரிசி. 1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் வயப்பட்டதும் அவ்வழி அடைபட்டது. 1962இல் அந்நாட்டில் படைத்துறை ஆட்சி ஏற்பட்டபின் வணிகம் அரசுடைமையாயிற்று; அரிசி ஏற்றுமதி சுருங்கியது. கடை வைத்தும் கொடுக்கல் வாங்கல் செய்தும் வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் வெறுங்கையராய்த் திரும்பினர். அரிசி வந்த திசையிலிருந்து அரிசிக்கு மாறாக ஏதிலியர் வந்தனர்.

1964 அக்டோபரில் சாத்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கை, இலங்கை மலைநாட்டுத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென வகுத்தது. தம்மைக் கேளாமலே தம் இனத்தார் பங்கிடப்பட்டனர் என்னும் மனக்குறை தமிழ்நாட்டில் எழுந்தது. 1965 சனவரி, பிப்ரவரித் திங்களில் நிகழ்ந்த இந்தி எதிர்ப்புப் போராட்டம் வளர்த்த உணர்வோடு இம்மனக்குறையும் கலந்தது.

6. படியின் அரசியல்

கழகம் உருவாவுக்கு மூன்று படி அரிசி என்பதைத் தேர்தல் முழக்கமாக்கியது. மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அது விளக்கப்பெற்றது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மீட்டர் அளவைமுறை புகுத்தப்பெற்றிருந்த காலம் அது. கிலோகிராம் அரசாங்கத்தின் அளவையாகவும், படி மக்களின் அளவையாகவும் நின்ற நிலையில், வாக்குறுதி மக்களின் அளவையிற் கூறப்பட்டது கருதத்தக்கது.

உணவுக் கட்டுப்பாடு சிற்றூரில் எல்லோரையும் ஒரே வகையில் வருத்தவில்லை என்பதையும் நோக்கல் வேண்டும். உபரி நெல் உடைய நிலக்கிழார்க்கு விலையுயர்வு ஊதியமே. ஆனால், அரசின் கொள்முதலும், நெல்லைப் பிற இடங்கட்குக் கொண்டுசெல்லத் தடையும் அவர்க்கு இடர் செய்தன. அரிசியை விலைக்கு வாங்கும் கூலியாளும் காஞ்சிபுரத்து நெசவாளரும் விலையுயர்வால் நலிந்தனர். விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் நலன்கள் மாறுபட்டவை. எனினும், இருசாராரின் குறையும் ஆட்சி ஒன்றையே சுட்டியது. சுதந்திராக் கட்சியும் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியும் கொள்கையால் எதிரெதிர் முனையில் நிற்பவை. அவை இரண்டும் கழகத்தை நடுவாகக் கொண்டு ஓரணியில் நின்றமையைச் சந்தர்ப்பவாதம் என்று மட்டும் கூறி அமைதல் ஆராய்ச்சிக்குப் போதாது. கட்டுப்பாட்டை வெறுத்த விளைவிப்போரும், விலையை வெறுத்த உண்போரும் ஓரணியில் நிற்க அக்கூட்டணி இடந்தந்தது.

முடிவு நாடறிந்தது. சட்டமன்றத்தின் 234 இடங்களுள் கழகம் 137ஐயும் காங்கிரசு 51ஐயும் பெற்றன. நாடாளுமன்றத்திற்குரிய 39 இடங்களுள் கழகத்துக்கு 25உம் காங்கிரசுக்கு 3உம் கிடைத்தன. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திருப்பெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். விருதுநகரில் காமராசர் தோற்றார். அமெரிக்காவுடன் உணவு பற்றிப் பேசிய நடுவண் உணவமைச்சர் சி. சுப்பிரமணியம் கோபிசெட்டிப்பாளையம் தொகுதியில் தோற்றார். நாடு முழுமையிலும் காங்கிரசு 520 இடங்களுள் 283ஐயே பெற்றது.

ஆயினும், வாக்கு விழுக்காட்டை நோக்குவார்க்கு மற்றோர் உண்மை தென்படும். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு பெற்றது 41 விழுக்காட்டிற்குச் சற்று மிகுதி. கழகம் பெற்றது அதனினும் சிறிதே குறைவு. 1962இல் காங்கிரசு பெற்றிருந்தது ஏறத்தாழ 46 விழுக்காடு. ஆகவே, அரிசி விலை ஒன்றே பேரலையாக எழுந்து ஆட்சியைக் கவிழ்த்தது எனல் மிகையாம். மனக்குறை வாக்காயிற்று, அவ்வாக்கை இடங்களாக்கியது கூட்டணி, அக்கூட்டணிக்கு வழிதிறந்தவற்றுள் ஒன்று 1962ஆம் ஆண்டுப் போர்.

7. முடிவுரை

1967 மார்ச்சு 6ஆம் நாள் அண்ணாதுரை முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். மே திங்களில் சென்னையிலும் கோவையிலும் உருவாவுக்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் செலவுச் சுமை காரணமாக அதனை மாநிலம் முழுதும் விரிக்க இயலவில்லை. சிற்றூர் மக்கள் வாக்களித்தனர். படி அரிசியோ நகரங்களில் நின்றது. மழை, தானியக் கப்பல், நாணயம், நடுவண் அரசின் பங்கீடு ஆகியவை பழைய ஆட்சியை வீழ்த்தத் துணைசெய்தன. புதிய ஆட்சியின் வாக்குறுதியைக் குறுக்கியனவும் அவையே.

இவ்வாற்றான் அறியத்தகுவது யாது? அயல்நாட்டுறவையும் உள்நாட்டுப் பொருளியலையும் இரு வேறு காரணங்களாக அடுக்கி, எது வலிது என வினவுதல் பயனற்றது. அவை இரண்டும் சிற்றூரைச் சேருமுன்பே ஒன்றாகிவிடுகின்றன. தாசுகண்டும் வாசிங்டனும் இரங்கூனும் உத்திரமேரூர் வட்டாரத்து உழவர்க்குப் பெயரளவில் தொலைவானவை. அரிசிப் படியில் அவை அண்மையில் இருந்தன. பத்தாம் நூற்றாண்டுச் சபையோர் தம் ஏரிக்கும் பொன்னுக்கும் ஊரின் எல்லைக்குள்ளேயே கணக்குக் கேட்டனர். இருபதாம் நூற்றாண்டு வாக்காளர் கணக்குக் கேட்ட உரிமை பெரிது. அதனை நிலமும் குலமும் மறையறிவும் தடுக்கவில்லை. ஆனால், அவர் கேட்ட கணக்கிற்கு முழுவிடை சொல்ல வல்லார் அவர் தேர்ந்தெடுத்த அவையில் மட்டும் இருந்திலர். உரிமை விரிந்தது, கணக்கின் எல்லை அதனினும் விரிந்தது என்பதே 1967ஆம் ஆண்டுத் தேர்தல் வரலாற்று மாணவர்க்குக் காட்டும் உண்மை.