ஹராமும் மனம் ஒப்பாததும்

ஆட்டிறைச்சியில் முன்னங்கால் சப்பையை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விரும்பி உண்டார்கள். அப்பெருமானாரின் முன்னால் ஒருநாள் சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லம் அது. அவர்களுடைய சகோதரி நஜ்திலிருந்து கொண்டு வந்த உணவு. இன்னதென்று அறிந்ததும் நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்.

"இது ஹராமா?" என்று காலித் பின் வலீத் (ரலி) வினவினார்கள். ஹராமன்று, தம் சமூகத்தாரின் பூமியில் இது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள் நபியவர்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; தடுக்கவில்லை.

காலித் (ரலி) இஸ்லாத்தை ஏற்றது ஹிஜ்ரி 8-இல். ஆகவே இது பெருமானாரின் இறுதிக் காலத்து நிகழ்ச்சி.

அரபியர் 'ளப்பு' என்னும் இப்பிராணி, பெரும்பாலும் தாவரம் உண்ணும் பாலைவனப் பல்லியினம். நம் நாட்டு உடும்பு வேறு. இதனை உண்பது ஷாஃபி மத்ஹபில் ஆகும். ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ்.

ஒரே அரபு மண்ணில், ஒரே ஸுஃப்ராவில் இருவரின் விருப்பம் வேறுபட்டது, அன்பு குறையவில்லை. விருந்தில் நமக்கு ஒப்பாத இறைச்சியை ஒதுக்கலாம். ஆகுமானதை உண்பவரை இழித்துப் பேசலாகாது. அல்லாஹ் நம் நாவைப் பேணுவானாக! ஆமீன்.