குறுக்கெழுத்துப் புதிர் (பூடக வகை)

விடையின் பொருளையும் அதன் எழுத்துகளைக் கட்டும் வழியையும் ஒரே வாக்கியத்தில் மறைத்துத் தரும் குறுக்கெழுத்து வகை. நேரடிப் பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்கும், எஞ்சியது சொல்விளையாட்டு. இறுதி எண் கட்டங்களின் எண்ணிக்கை. தமிழில் உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு கட்டம்.

திருவள்ளூர் மாவட்டத்து மீனவ ஊர் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்: ‘கனி, முருகன் ஆயுதம், வனம் கூடிய ஏரிக்கரை ஊர் (6)’. முதல் மூன்றும் பழம், வேல், காடு. புணர்ச்சியில் மகரம் கெட்டு, லகரம் றகரமாகத் திரிய, விடை பழவேற்காடு. ஆங்கிலப் புதிரில் இல்லாத இச்சந்தித் திரிபே தமிழ்ப் புதிரின் தனிச்சுவை. தொடக்கநிலையாளர் இடறுவதும் இங்கேதான்.

நீக்கல் வகைக்குச் சான்று: ‘கவலையின் தலை போனதும் மீனவர் விரிப்பது (2)’. முதலெழுத்து நீங்க, விடை வலை. கவலை சாளை இன மீனுக்கும் பெயராதலால் குறிப்பு இருமுறை ஏமாற்றும். எழுத்து மாற்றம், உள்ளொளிப்பு, சிலேடை ஆகியவை பிற உத்திகள்.

முதல் குறுக்கெழுத்தை ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் நாளிதழில் வெளியிட்டார். பூடக வகை 1920களில் பிரிட்டனில் உருப்பெற்றது. சென்னையின் ‘தி இந்து’ 1971 முதல் ஆங்கிலப் புதிரை வெளியிடுகிறது. தமிழில் இவ்வகையைப் பரப்பியவர்களுள் வாஞ்சிநாதன் குறிப்பிடத்தக்கவர். அவருடைய புதிர்கள் அமெரிக்கத் தமிழ் மாத இதழான ‘தென்றலில்’ வெளிவந்தன. காளமேகப் புலவரின் சிலேடை மரபும் விடுகதையும் இதற்கு நெருங்கிய உறவுடையவை; கட்டமும் எழுத்தெண்ணிக்கையும் மட்டுமே புதியவை.