மாத்திரை கேட்டுப் போன மைக்கேல் டில்லன்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஒரு திருநம்பியோ திருநங்கையோ ஹார்மோன் சிகிச்சை எடுக்கிறார் என்று தெரிந்தால் போதும், "இதெல்லாம் இப்போ வந்த ஃபேஷன்" என்று சொல்ல ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். இந்த ஃபேஷனுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த வரலாற்றில் ஒரே ஒரு மனிதரைப் பற்றி மட்டும் இன்று எழுதுகிறேன். அவர் உயிர் பிரிந்தது நம் நாட்டில்தான்.

முதலில் மருந்தின் கதை. 1931இல் ஜெர்மானிய வேதியியலர் பூட்டனாண்ட் ஓர் ஆண் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார். எதிலிருந்து தெரியுமா? போலீஸ்காரர்களின் சிறுநீரிலிருந்து! சுமார் 15,000 லிட்டர் சேகரித்ததில் கிடைத்தது 15 மில்லிகிராம். (வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்து ஓய்வதற்குள் மணி அடித்துவிடும்.) 1935இல் கொலஸ்டிராலிலிருந்து டெஸ்டோஸ்டிரோனை ஆய்வகத்திலேயே தயாரிக்கும் வழி பிறந்தது. அதன்பிறகுதான் அது டாக்டர்களின் கைக்கு மருந்தாக வந்தது. 1939இல் பூட்டனாண்டுக்கும் ருசிக்காவுக்கும் நோபல் பரிசு.

அதே 1939இல் இங்கிலாந்தில் டாக்டர் ஜார்ஜ் ஃபாஸ் என்பவர், பெண்களின் அதிக உதிரப்போக்குக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தேடிப் போனவர்தான் டில்லன். 1915இல் லண்டனில் பிறந்தவர். பெண் குழந்தை என்று பதிவானவர். பிறந்த சில நாளில் தாயை இழந்து அத்தைகளிடம் வளர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார், படகுப் போட்டியில் பேர் வாங்கினார். நினைவு தெரிந்த நாளிலிருந்து தன்னை ஆணாகவே உணர்ந்தவர்.

ஃபாஸ், "முதலில் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வா" என்றார். டில்லனும் போனார். அந்த மருத்துவரோ, நோயாளி நம்பிச் சொன்னதை வெளியே பேசிவிட்டார். டில்லன் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் வரை விஷயம் போய், கேலியாகிவிட்டது. ஃபாஸும் பயந்துபோய், கையில் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பின்தொடர்ந்து பார்க்க டாக்டர் இல்லை. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லவும் ஆள் இல்லை.

டில்லன் பிரிஸ்டலில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். போர்க்காலம். பழுதான வண்டிகளை இழுத்து வருவது பகல் வேலை. குண்டு விழுந்து தீப்பிடிக்கிறதா என்று பார்ப்பது இராக்காவல். மாத்திரை வேலை செய்தது. குரல் கட்டையானது, தாடி முளைத்தது. வண்டி கொண்டுவந்தவர்கள் எல்லாம் அவரை ஓர் ஆணாகவே பார்த்தார்கள். ஒரு பட்டறை அவருக்குக் கொடுத்ததைப் படித்தவர்கள் நிறைந்த ஆய்வுக்கூடம் கொடுக்கவில்லை.

இடையில் ஒருமுறை மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போன இடத்தில் நல்ல அறுவை மருத்துவர் ஒருவர் அமைந்தார். மார்பக அறுவை செய்தார். பிறப்புச் சான்றிதழை மாற்ற வழிகாட்டினார். சர் ஹரால்ட் கில்லீஸிடமும் சேர்த்துவிட்டார். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகம் கொடுத்தாரே, அதே கில்லீஸ்! 1944இல் சான்றிதழ் மாறியது. 1946 தொடங்கி சில ஆண்டுகளில் குறைந்தது 13 அறுவை சிகிச்சைகள். ரகசியம் வெளியே போகக்கூடாதென்று, பிறவிக் குறைபாட்டுக்கான சிகிச்சை என்று கில்லீஸ் ஏட்டில் எழுதிவைத்தார். இந்த ஒரு வரிக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அறுவை நடந்த அதே காலத்தில்தான் டில்லன் டப்ளினில் மருத்துவம் படித்தார், 1951இல் டாக்டரானார். 1946இல் ஒரு புத்தகமும் எழுதினார். மனத்தை உடலுக்கேற்ப மாற்ற முடியாதபோது, உடலை மனத்துக்கேற்ப மாற்ற உதவுவதே மருத்துவம் என்பது அதன் வாதம். தான் யார் என்பதை அதில் எங்கும் சொல்லவில்லை.

பிறகு கப்பல் டாக்டர் வேலை. பிரபுக் குடும்பங்களின் வம்சாவளி நூல்கள் இரண்டு உண்டு; ஒன்று அவரைத் தம்பி என்றும் மற்றது தங்கை என்றும் அச்சிட்டிருந்தன. 1958இல் பத்திரிகைக்காரர்கள் இதைக் கண்டுபிடித்து ஊரறியச் செய்தார்கள். டில்லன் எல்லாவற்றையும் விட்டு இந்தியா வந்தார். பௌத்தத் துறவியாகி, லோப்சங் ஜீவகா என்று பெயர் ஏற்று, லடாக்கின் ரிசோங் மடாலயத்தில் சில காலம் இருந்தார். 1962 மே மாதம் டல்ஹவுசியில் இறந்தார். வயது 47தான். அவருடைய சுயசரிதை அச்சேற 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி நம் காலம். 2008இல் தமிழ்நாடு நலவாரியம் அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஏற்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஹார்மோன் சிகிச்சைக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றே சொல்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் இது மனநோய்ப் பிரிவில் இல்லை. காகிதத்தில் குறை சொல்ல முடியாது.

என்னிடம் படித்த ஒரு தம்பி, திருநம்பி, வயது 26, சொந்தச் சம்பாத்தியம். ஒரு மருத்துவமனைக்கு மூன்று முறை போயிருக்கிறான். மூன்று முறையும் ஒரே பதில்: "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா." அவர்களோ இவனோடு பேசியே நாலு வருடமாகிறது. கடைசியில் சீட்டில்லாமல் எங்கோ ஊசி வாங்கிப் போட ஆரம்பித்துவிட்டான். டெஸ்டோஸ்டிரோன் ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டும். அளவு மீறினால் ரத்தம் கெட்டிப்படும். அதனால்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கச் சொல்கிறார்கள். திருநங்கைகள் எடுக்கும் ஈஸ்ட்ரோஜனில் ரத்தக்கட்டி அபாயம் உண்டு, புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். மருந்தை விட ஆபத்து, பார்த்துக்கொள்ள டாக்டர் இல்லாமல் மருந்து எடுப்பது. டில்லனுக்கு 1939இல் வேறு வழியில்லை.

தம்பி இப்போது வேறு ஊரில் ஹார்மோன் சிறப்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்கிறான். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். முதல் நாள் அவர் வயதுச் சான்றைப் பார்த்தார், பலன்களையும் பக்கவிளைவுகளையும் பொறுமையாகச் சொன்னார், கையெழுத்து வாங்கினார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்கவே இல்லையாம்.