தீப்பெட்டி ஊரின் பசை

சிவகாசியின் கதையை 1922-ல் தொடங்குவது வழக்கம். ப. அய்யநாடாரும் அ. சண்முகநாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று, மறு ஆண்டு ஊரில் ஆலை வைத்தார்கள். மழை குறைவு, வெயில் தாராளம், கூலிக்கு ஆள் உண்டு என்று காரணங்களும் சொல்லப்படும். பசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குச்சியில் மருந்து நின்றதும் பெட்டி பெட்டியாக இருந்ததும் அதனால்தான்.

மருந்துக்கு வஜ்ஜிரம். மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசை, தச்சர்களுக்கு நெடுநாள் பழக்கம். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்க வேண்டும். நேரடியாகக் கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் உலர்ந்த நிலையில் உரசினாலே ஆபத்து. ஈரத்தில் குழைக்க வஜ்ஜிரக் கரைசல் இடம் கொடுத்தது. ஆறினால் உறைவதால், மருந்தில் தோய்த்த குச்சியின் தலையும் வழியாமல் உருண்டு நின்றது. கலவையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் வஜ்ஜிரம். அது மோசமானால் மொத்தமும் உதிரும்.

பெட்டிக்கு அவ்வளவு செலவு தாங்காது. மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கொதிநீரில் கிண்டி, பூஞ்சையும் பூச்சியும் அண்டாமலிருக்க மயில்துத்தம் சேர்த்தார்கள். துத்தம் நஞ்சு, நாள் முழுக்கப் பசையில் கிடந்த விரல்களின் தோலை அது எரிச்சலூட்டியது. அந்த விரல்கள் பெரும்பாலும் பெண்களுடையவை, சிறுபிள்ளைகளுடையவை. தீப்பெட்டி ஆபீஸ் எனப்பட்ட ஆலையிலிருந்து மரச்சீவலும் தாளும் வீட்டுக்கு வரும். மடித்து, ஒட்டி, திண்ணையில் காயவைப்பார்கள். சூலக்கரையிலிருந்து சாத்தூர், சிவகாசி வரை அடிக்கும் வறண்ட வெயில் பசையைச் சீக்கிரம் இறுக்கியது. கூலி குரோஸ் கணக்கு, அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு. 1934-ல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தபின், வரி கட்டியதற்கு அடையாளமான பேண்டரோல் தாளையும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்ட வேண்டியிருந்தது.

ஊருக்குப் பட்டாசுத் தொழில் வந்தபோது பசையின் தேவை மாறியது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு மாவுச்சத்து வரத்து நின்றதும், சேலத்தில் மரவள்ளி ஸ்டார்ச் ஆலைகள் எழுந்தன. ஸ்டார்ச்சை வறுத்தால் டெக்ஸ்ட்ரின். அது அடுப்பில்லாமல் தண்ணீரிலேயே கரையும். வெடிமருந்து இருக்குமிடத்தில் இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை. கம்பி மத்தாப்பில் அலுமினியத் தூளையும் இரும்புத் தூளையும் கம்பியோடு பிடித்துவைப்பது இந்த டெக்ஸ்ட்ரின்தான்.

இத்தொழிலின் வரலாற்றில் முதலாளிகளின் பெயர்கள் இருக்கின்றன. ஒட்டியவர்களின் பெயர்கள் இல்லை. இது பெரும் குறை. பெட்டி ஒட்டிய பிள்ளைகள் நாட்டின் கண்ணில் முழுதாகப் பட்டது, குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில்தான். அபாயத் தொழிலில் சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெட்டி செய்யும் முறையும் மாறியது: மரச்சீவலின் இடத்துக்கு அட்டை வந்தது, மடித்து ஒட்ட இயந்திரமும் வந்தது. பெட்டி ஒட்டும் கூலியை நம்பியிருந்த பெண்கள் பலர் வேறு வேலை தேடிப் போனார்கள்.