நீதிமன்றவழிப் போதை மறுவாழ்வு (மலேசியா)

போதைப்பொருள் சார்ந்தவர் என மருத்துவ அதிகாரி சான்றளித்தவரை, மாஜிஸ்திரேட் ஆணையின்படி சிகிச்சைக்கோ கண்காணிப்புக்கோ உட்படுத்தும் முறை. அடிப்படை, போதைப்பொருள் சார்ந்தோர் (சிகிச்சை, மறுவாழ்வு) சட்டம் 1983. பொதுவழக்கில் ‘283ஆம் சட்டம்’. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முந்தைய விதிப்படி, மறுவாழ்வு அதிகாரியின் பரிந்துரைக்குப் பின் மாஜிஸ்திரேட் இரண்டில் ஒன்றைத் தேர்வார்: மறுவாழ்வு மையத்தில் 2 ஆண்டும் அதன்பின் 2 ஆண்டுக் கண்காணிப்பும்; அல்லது ஊரிலேயே 2 முதல் 3 ஆண்டுக் கண்காணிப்பு. கண்காணிப்பில் இருப்பவர் குறித்த மாவட்டத்தில் தங்கி, அதிகாரி முன் ஆஜராகி, சிறுநீர்ச் சோதனைக்கு உட்பட வேண்டும். மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 3 பிரம்படி வரை, அல்லது இரண்டும். சிகிச்சையின் பெயரால் வந்த சட்டத்துக்கு இது கடுமையான பின்பலம்.

1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15ஆம் பிரிவில் தண்டனை பெற்றோரும், தண்டனை முடிந்தபின் கண்காணிப்புக்கு உட்படுவர். நீதிமன்றம் ஏறாமல் தாமாகச் சிகிச்சை கோர 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஓபியம் வகைப் பழக்கத்துக்கு மெதடோன் சிகிச்சை 2005இல் தொடங்கியது.

பேராக்கில் சுங்கை சிப்புட் பெர்லோப்பிலும் பத்து குராவிலும் மறுவாழ்வு மையங்கள் அமைந்தன. கள், சம்சு போன்ற மதுவகைகள் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பில் சேர்க்கப்படவில்லை. இச்சட்டத்தின் திருத்த மசோதாவை நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றியது.