நீரிழிவு மருத்துவமும் மனச்சோர்வும்

இரண்டாம் வகை நீரிழிவு என்பது, கணையம் சுரக்கும் இன்சுலினுக்கு உடல் திசுக்கள் உரியவாறு இணங்காமையாலும், நாளடைவில் அச்சுரப்பே குறைந்துபோவதாலும், குருதியில் குளுக்கோசின் அளவு உயர்ந்தே நிற்கும் நெடுநாள் நோயாகும். இந்நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்களிடம் உற்சாகக் குறைவு, எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அழுகை, சலிப்பு ஆகியவை பரவலாகக் காணப்படினும், அவை நெடுங்காலம் நோயின் இயல்பான பக்கவிளைவு என்றோ நோயாளியின் மனத்திட்பக் குறைவு என்றோ தள்ளப்பட்டு வந்தன. 42 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுரை, நீரிழிவு உடையோருக்கு மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பு பிறரைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று காட்டிய பின்னரே இத்துறையில் கவனம் கூடியது. பின்வந்த மதிப்பீடுகள் சில இவ்வேறுபாட்டைக் குறைத்துக் கூறினாலும் வேறுபாடு உண்டு என்பதை மறுக்கவில்லை.

நீரிழிவு உடைய ஒருவரின் மனம் சோர்வுறுவதற்குக் காரணம் ஒன்றல்ல. நோயைச் சுமப்பதில் வரும் அலுப்பு, தனி நோயாகவே அமைந்த மனச்சோர்வு, மருந்தினாலோ சத்துக்குறைவினாலோ நேரும் தளர்ச்சி, சர்க்கரையின் திடீர் இறக்கம் என நான்கும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றுக்குரிய மருத்துவம் மற்றொன்றுக்குப் பயன்படாது. எனவே இவற்றைப் பிரித்தறிவதே இத்துறையின் முதற்பணியாகும்.

இருவழித் தொடர்பு

நீடித்த துயரம் நீரிழிவுக்குக் காரணமாகலாம் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய மருத்துவர் தாமசு வில்லிசு எழுதினார். அவர் கருத்து முழு உண்மையன்று எனினும் பாதி உண்மையை அது தொட்டிருந்தது. 2008ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, மனச்சோர்வு உடையோருக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் இடர் ஏறத்தாழ 60 விழுக்காடு கூடுதலாகவும், நீரிழிவு உடையோருக்குப் புதிதாக மனச்சோர்வு வரும் இடர் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தது. மனம் நெடுநாள் நெருக்கடியில் இருக்கும்போது அட்ரீனல் சுரப்பியிலிருந்து வெளிப்படும் கார்டிசால் என்னும் இயக்குநீர் மிகுந்து, கல்லீரலைக் கூடுதலாகக் குளுக்கோசு வெளியிடத் தூண்டுவதோடு, இன்சுலினின் செயலையும் மந்தப்படுத்துகிறது. தூக்கக் கேடும் உடலில் தணியாத மெல்லிய அழற்சியும் இதனோடு சேர்கின்றன. உடற்கூற்றுக் காரணங்களுக்கு நிகராகப் பழக்கவழக்கமும் இங்கு வலிமை உடையது. சோர்வுற்றவர் நடைப்பயிற்சியை நிறுத்துகிறார், மாத்திரையைத் தவறவிடுகிறார், கைக்கு எட்டியதை உண்கிறார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருப்பதைக் கண்டு தம்மையே நொந்துகொள்கிறார். அந்நோதல் மேலும் சோர்வுக்கு வித்தாகிறது.

மனவுளைச்சலும் மனச்சோர்வு நோயும்

ஒருநாளும் விடுப்பில்லாத நோய்க் கண்காணிப்பு, உணவு பற்றிய ஓயாத கணக்கு, கண்ணும் சிறுநீரகமும் காலும் கெடுமோ என்ற அச்சம், வீட்டாரின் ஏச்சு ஆகியவற்றால் எழும் அலுப்பு ‘நீரிழிவு மனவுளைச்சல்’ எனப்படும். இதனை அளப்பதற்கு அமெரிக்காவின் பாசுடன் நகரிலுள்ள யோசிலின் நீரிழிவு மையத்தில் உருவான 20 வினாக்கள் கொண்ட அளவுகோல் 1995ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மனவுளைச்சல் ஒரு மனநோய் அன்று. பெருஞ்சுமைக்கு மனம் காட்டும் இயல்பான எதிர்வினையாகும். ஆகவே மனச்சோர்வுக்கான மாத்திரையைக் காட்டிலும், சுமையைக் குறைக்கும் வழிகளும் செவிசாய்க்கும் மருத்துவருமே இதற்கு ஏற்ற மருந்து.

மனச்சோர்வு நோயில் துயரம் நீரிழிவோடு நின்றுவிடுவதில்லை. குறைந்தது இரண்டு வாரங்கள், நாளின் பெரும்பொழுதும், முன்பு மகிழ்வு தந்த எதிலும் நாட்டமின்றி, தாம் எதற்கும் பயன்படாதவர் என்ற எண்ணமும் குற்றவுணர்வும் மேலோங்கி, அன்றாடப் பணிகள் தடைப்படுவது இதன் அடையாளம். நோயறிதலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. களைப்பு, எடைக்குறைவு, பசி மாற்றம், இரவில் பலமுறை எழுவதால் கெடும் தூக்கம் ஆகிய உடற்குறிகள் சர்க்கரை மிகுந்திருப்பதாலேயே தோன்றக்கூடியவை என்பதால், அவற்றை மட்டும் கொண்டு மனச்சோர்வை உறுதிசெய்தல் பிழையாகலாம். நாட்டமின்மை, நம்பிக்கையின்மை, குற்றவுணர்வு ஆகிய மனக்குறிகளுக்கே மிகுந்த எடை தரப்பட வேண்டும். நீரிழிவு இல்லாதிருந்தால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்கும்போது, ‘நிம்மதியாக இருக்கும்’ என்பவர் பெரும்பாலும் மனவுளைச்சலிலும், ‘அப்போதும் இப்படித்தான்’ என்பவர் பெரும்பாலும் மனச்சோர்விலும் இருக்கிறார் என்று கொள்வது, துல்லியமான அளவுகோலாக இல்லாவிடினும், நல்ல தொடக்கமாகும்.

தமிழ்நாட்டுச் சூழலில் மனவுளைச்சலுக்குத் தனிச் சாயல்கள் உண்டு. மாத்திரையிலிருந்து இன்சுலின் ஊசிக்கு மாறுவது நோய் முற்றிவிட்டதற்கு அடையாளம் எனப் பலர் அஞ்சுகின்றனர். கணையச் சுரப்பு குறையும்போது எவருக்கும் தேவைப்படக்கூடிய ஒன்றாக விளக்கப்பட வேண்டிய ஊசியை, சில மருத்துவர்களே ‘சொன்னபடி கேட்காவிட்டால் ஊசிதான்’ என்று மிரட்டலாக்கிவிடுவது இவ்வச்சத்தைப் பெருக்குகிறது. விருந்தில் பாயசத்தை மறுத்தால் ‘ஒருநாளைக்கு ஒன்றும் ஆகாது’ என்று வற்புறுத்துவதும், உண்டால் ‘உனக்குக் கட்டுப்பாடே இல்லை’ என்று கடிந்துகொள்வதும் ஒரே உறவினராக இருப்பது வியப்பன்று.

மருந்துகளின் பங்கு

சர்க்கரை மாத்திரையே மனத்தைக் கெடுக்கிறது என்னும் ஐயத்தால் மருந்தைத் தாமாகவே நிறுத்துவோர் உளர். ஐயம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. ஆயினும் தொடர்பு பெரும்பாலும் சுற்றுவழியானது, சரிசெய்யத்தக்கது.

மெட்ஃபார்மின் 1957ஆம் ஆண்டில் பிரான்சில் யான் இசுட்டர்ன் என்னும் மருத்துவரால் நீரிழிவு மருந்தாக அறிமுகப்படுத்தப்பட்டு, இன்று உலகெங்கும் முதல் நிலையில் தரப்படும் மாத்திரையாகும். இம்மருந்து தானே மனச்சோர்வை விளைவிக்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஆனால் சிறுகுடலின் இறுதிப்பகுதியில் பி12 உயிர்ச்சத்து உறிஞ்சப்படுவதை அது குறைக்கிறது. அளவும் ஆண்டுகளும் கூடக் கூடக் குறைபாட்டின் வாய்ப்பும் கூடுகிறது. கல்லீரலில் பி12 பல ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிக்கப்பட்டிருப்பதால் குறைபாடு மெதுவாகவே வெளிப்பட்டு, களைப்பு, மனத்தளர்வு, எரிச்சல், மறதி, பாத மதமதப்பு என உருக்கொள்கிறது. பாத மதமதப்பு நீரிழிவு நரம்புக்கேடு என்றும், மறதி முதுமை என்றும் கொள்ளப்பட்டு உண்மைக் காரணம் மறைந்துபோவதுண்டு. பி12 இயற்கையில் விலங்குவழி உணவுகளிலேயே உள்ளமையால், பால் தயிர் தவிர வேறு விலங்குணவு கொள்ளாத மரக்கறி உணவினரும், அமிலம் குறைக்கப் பாண்டோபிரசோல் போன்ற மாத்திரைகளை நெடுநாள் உண்பவரும் இதில் கூடுதல் இடருக்கு உள்ளாகின்றனர். பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022ஆம் ஆண்டில், மெட்ஃபார்மின் உண்போரிடம் பி12 குறைவு பரவலாகக் காணும் பக்கவிளைவு என அறிவித்து, குறிகள் தென்படுவோருக்குக் குருதியில் அதன் அளவைப் பார்க்க அறிவுறுத்தியது. குறைபாட்டை ஊசியாலோ மாத்திரையாலோ ஈடுசெய்ய முடியும் என்பதால் மெட்ஃபார்மினைக் கைவிட வேண்டியதில்லை. பி12 பார்க்காமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் உண்பது தவறான வழி. அது குருதிச்சோகையைச் சரிசெய்து, நரம்புக்கேட்டை மறைவில் வளரவிடும்.

இரண்டாவது வகைச் சிக்கல் சர்க்கரைத் தாழ்நிலையால் வருவது. குருதியில் குளுக்கோசு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குதல் தாழ்நிலை எனப்படும். மெட்ஃபார்மின் தனித்து இதனை அரிதாகவே உண்டாக்கும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய சல்ஃபோனைலூரியா மாத்திரைகளும் இன்சுலினும் உணவு தவறும்போது எளிதில் உண்டாக்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, இனம்புரியாத அச்சம், சிடுசிடுப்பு, குழப்பம் என அதன் குறிகள் மனப்பதற்றத்தின் குறிகளோடு ஏறக்குறைய ஒன்றாயிருப்பதால், மாலைதோறும் ‘பதற்றம்’ வருகிறது என்பவர் அவ்வேளையில் ஒருமுறையேனும் விரல்குத்திச் சர்க்கரை பார்ப்பது தேவையற்ற பல மாத்திரைகளைத் தவிர்க்கும். தாழ்நிலை உறுதியானால் 15 கிராம் குளுக்கோசு உண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்த்தல் வழக்கம். இந்தியாவில் பெருவழக்காக உள்ள கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் கிளிமிபிரைடோடு வோக்லிபோசும் சேர்ந்திருக்கிறது. வோக்லிபோசு சாதாரணச் சர்க்கரை செரிப்பதைத் தடுக்குமாதலால், அம்மாத்திரை உண்பவர் சீனியையோ மிட்டாயையோ நம்பாமல் குளுக்கோசுப் பொடியையே கைவசம் வைத்திருத்தல் நன்று. நடுக்கத்திற்கும் படபடப்பிற்கும் தரப்படும் பிரொபிரனலால் முதலிய மருந்துகள் தாழ்நிலையின் அறிவிப்புக் குறிகளை மறைத்துவிடும். வியர்வை மட்டுமே பெரும்பாலும் எஞ்சும் குறி. ஒருமுறை தாழ்நிலையில் மயங்கி விழுந்தவர், மீண்டும் அது நேருமோ என்ற அச்சத்தால் வேண்டுமென்றே சர்க்கரையை உயர்த்தி வைத்துக்கொள்வதும் உண்டு. இவருக்குத் தேவை அறிவுரையன்று, மருந்தின் அளவை மாற்றுதல்.

செமாகுளுட்டைடு முதலிய புதிய ஊசி மருந்துகள் தற்கொலை எண்ணத்தைத் தூண்டுகின்றன என்ற ஐயம் 2023ஆம் ஆண்டில் எழுந்து, ஐரோப்பிய மருந்து முகமையின் மறுஆய்வுக்கு உள்ளாயிற்று. கிடைத்த சான்றுகள் காரணத் தொடர்பைக் காட்டவில்லை என்று 2024 ஏப்ரலில் அம்முகமையின் குழு முடிவு செய்தது.

கண்டறிதல்

மனச்சோர்வை அறிய உலகெங்கும் பயன்படும் ஒன்பது வினாப் பட்டியலில் மொத்த மதிப்பெண் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவான மதிப்பீடு தேவை. நெருக்கடி மிகுந்த மருத்துவமனையில் முதல் இரண்டு வினாக்களே, அதாவது கடந்த இரு வாரங்களில் நாட்டமின்மையும் மனவாட்டமும் எவ்வளவு அடிக்கடி இருந்தன என்பவையே, முதற்சல்லடையாகப் போதும். கூடவே பி12, ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றையும் பார்ப்பது முறை. தைராய்டுக் குறைவு மனச்சோர்வைப் போலவே தோன்றக்கூடியது.

மருத்துவம்

மிதமான மனச்சோர்வுக்கு உளவியல் சிகிச்சை பயனுடையது. அறிதல்-நடத்தை சிகிச்சை என்பது, ‘என் சர்க்கரை ஏறிவிட்டது, நான் எதிலும் தோற்றவன்’ என்பது போன்ற தாமாக எழும் எண்ணங்களைச் சான்றுகளோடு ஒப்பிட்டுத் திருத்தப் பழக்கும் முறை. நடத்தைத் தூண்டல் என்னும் எளிய முறையில், விருப்பம் வரும்வரை காத்திராமல் சிறு செயல்கள் நாள்குறித்துச் செய்யப்படுகின்றன. உணவுக்குப் பின் பத்து நிமிட நடை அதற்கு மிகப் பொருத்தமானது, ஏனெனில் அது சர்க்கரையையும் அவ்வேளையிலேயே குறைக்கிறது.

மருந்து தேவைப்படுவோருக்குச் செர்ட்ரலின், எசிட்டலோபிராம் போன்றவை பொதுவாகத் தரப்படுகின்றன. இவை முழுப்பயன் தர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம், திடீரென நிறுத்தலாகாது. ஃபுளுவாக்சிடின் சர்க்கரையைச் சற்றே இறக்கக்கூடுமாதலால் சல்ஃபோனைலூரியா உண்பவர் தொடக்க வாரங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மிர்ட்டசபின், அமிட்ரிப்டிலின் ஆகியவை எடையைக் கூட்டலாம். நரம்புவலியும் மனச்சோர்வும் சேர்ந்திருப்பவருக்கு டுலாக்சிடின் இரண்டுக்கும் உதவக்கூடியது.

மனச்சோர்வைத் தனியே குணப்படுத்தினால் சர்க்கரை தானாகவே இறங்கும் என்ற எதிர்பார்ப்பை ஆய்வுகள் ஒரே சீராக மெய்ப்பிக்கவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே குழு கவனிக்கும்போதே பயன் தெளிவாகிறது. இதற்குச் சிறந்த சான்று இந்தியாவிலிருந்தே வந்தது. சென்னை, தில்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு நகரங்களின் நீரிழிவு மருத்துவ மையங்களில் 404 பேரை 24 மாதங்கள் தொடர்ந்த ஆய்வு 2020ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியாயிற்று. மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் நோயாளியோடு தொடர்பில் இருந்து, மனநிலையையும் சர்க்கரையையும் கணினியில் பதிந்து, வல்லுநர்களோடு கலந்து மருந்தைச் சீர்செய்யத் தூண்டுவதே அம்முறையின் சாரம். மனச்சோர்வு பாதியாகக் குறைந்ததோடு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, குருதி அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் குறிப்பிட்ட அளவு குறைந்தவர்கள் இம்முறையில் 71.6 விழுக்காட்டினர், வழக்கமான மருத்துவத்தில் 57.4 விழுக்காட்டினர். வல்லுநர்கள் குறைந்த நாட்டில் ஒருங்கிணைப்பாளர் ஒருவரால் இவ்வளவு இயலும் என்பதே இவ்வாய்வின் தனிச்சிறப்பு.

தமிழ்நாடு அரசு 2021 ஆகசுட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரைகள் வீட்டிற்கே கொண்டுசென்று தரப்படுகின்றன. மாத்திரையோடு வரும் பணியாளர் மேற்சொன்ன இரண்டு வினாக்களையும் கேட்பாராயின் அதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் சில நிமிடங்களே.

அன்றாட வாழ்வில்

சுமையைக் குறைத்தல் மருத்துவத்தின் ஒரு பகுதியே. மெட்ஃபார்மின் மட்டும் உண்பவர் பெரும்பாலும் நாள்தோறும் விரல்குத்திப் பார்க்க வேண்டியதில்லை. பார்த்த எண்ணைக் கொண்டு எதையும் மாற்றப்போவதில்லை எனில், அது கவலையை மட்டுமே வளர்க்கும். சோர்வு நாள்களில் எல்லாவற்றையும் கடைப்பிடிக்க இயலாதவர் மாத்திரையை மட்டுமேனும் காப்பி, பல்துலக்கல் போன்ற மாறாத பழக்கத்தோடு இணைத்துக்கொள்ளலாம். வீட்டார் தட்டைக் கண்காணிப்பதைவிட அதே உணவைத் தாமும் உண்பது பெரிய உதவி. சமைப்பவரே நோயாளியாக இருக்கும் வீடுகளில், தமக்கென ஒன்றும் மற்றவர்க்கென ஒன்றும் ஆக்கி அலுக்கும் பெண்களுக்கு இது இருமடங்கு பொருந்தும். மனவாட்டத்தை ஆற்ற மது அருந்துவது, சல்ஃபோனைலூரியாவோ இன்சுலினோ எடுப்பவரிடம் பல மணிநேரம் கழித்தும் தாழ்நிலையை வரவழைக்கலாம்.

வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் தோன்றின் அது அவசர நிலையாகக் கொள்ளப்பட வேண்டும். அந்நிலையில் நோயாளியைத் தனியே விடாமல், மருந்துகளை வீட்டார் தம் பொறுப்பில் வைத்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் எடுத்துத்தந்து, மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வேண்டும். இந்தியாவில் 2022 முதல் இயங்கும் டெலி-மானசு தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலும், இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண்ணை 1926 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.